மருந்து ஆய்வாளர் வேலை: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

மருந்து கட்டுப்பாட்டுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த வேலைக்கு வர நினைக்கும் பிள்ளைகளும், மருந்து வாங்கிச் சாப்பிடும் மற்றவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மேடம், பி.பார்ம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மருந்து ஆய்வாளர் ஆக என்ன வழி? (மாணவி, தேனி)

பி.பார்ம் போதும்மா. மாநிலப் பணிக்கு மாநில அரசின் தேர்வு, மத்தியத் துறைக்கு யுபிஎஸ்சி. இடங்கள் குறைவு, அறிவிப்பும் ஆண்டுதோறும் வராது. அதனால் காத்திருக்கும் காலத்தில் ஒரு மருந்து ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பாருங்கள். ஆலைக்குள் எங்கே தப்பு நடக்கும் என்பது அங்கே நின்றால்தான் புரியும்.

எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் வரலாமா? (மதுரை)

எம்.பி.பி.எஸ். மட்டும் போதாது. மருத்துவ மருந்தியலிலோ (கிளினிக்கல் ஃபார்மகாலஜி) நுண்ணுயிரியலிலோ சிறப்புத் தகுதி வேண்டும்.

நான் மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறேன். ஆய்வாளர் வந்தாலே எங்களுக்கு நடுக்கம். மாதிரி எடுத்துப் போய் என்னதான் செய்கிறீர்கள்? (திருநெல்வேலி)

நடுங்க வேண்டாம் தம்பி. ஆய்வாளர் படிவம் 17இல் விவரம் எழுதிக் கொடுத்து, மருந்துக்கு உரிய விலையையும் தருவார். கடையில் எடுக்கும் மாதிரி நான்கு பங்காகும். ஒன்று கடைக்காரருக்கே, ஒன்று அரசு ஆய்வகத்துக்கு, ஒன்று வழக்கு வந்தால் நீதிமன்றத்துக்கு, இன்னொன்று தயாரித்தவருக்கு. ஒவ்வொன்றையும் உறையிலிட்டு, நூல் கட்டி, அரக்கை உருக்கி முத்திரை வைப்போம். அரக்கு ஆறும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும். முத்திரை சரியாகப் பதியாவிட்டால் பின்னால் வழக்கே கெட்டுப்போகும். முதல் வருடம் முழுக்க என் விரல் நுனியில் சூடு பட்ட தழும்பு இருந்தது.

கடைக்குப் போனால் நான் முதலில் திறப்பது ஃபிரிட்ஜைத்தான். ஒரு கடையில் இன்சுலின் பெட்டிக்குப் பக்கத்தில் தயிர்ப் பாத்திரம் இருந்தது. கையை விட்டுப் பார்த்தால் குளிர்ச்சியே இல்லை. கரண்ட் செலவு ஆகுமென்று ராத்திரி பிளக்கைப் பிடுங்கிவிடுவார்களாம். இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து அது. வாங்கிப் போகிறவருக்குப் பார்த்தவுடன் எந்த வித்தியாசமும் தெரியாது. சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று தன் சாப்பாட்டின் மேல்தான் பழி போட்டுக்கொள்வார். எனக்கு இன்றும் மனசு ஆறாத விஷயம் இது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மாத்திரை சும்மா கிடைப்பதால் வேலை செய்யாது என்கிறார்களே? (இல்லத்தரசி, விழுப்புரம்)

இந்த எண்ணம் போக வேண்டும் அம்மா. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. அதன்பின் மாநிலம் முழுவதற்கும் ஒரே இடத்தில் டெண்டர் விட்டு, மொத்தமாக வாங்குகிறார்கள். விலை குறைவதற்குக் காரணம் அதுதான். சரக்கு கிடங்குக்கு வந்ததும் மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயரை மறைத்து, குறியீட்டு எண் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். யாருடைய மருந்து என்று சோதிப்பவருக்கே தெரியாது. அதில் தேறிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போகும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. தன் ஒதுக்கீட்டுக்குள் எந்த மருந்து வேண்டுமோ அதை அவர்களே எடுத்துக்கொள்ளலாம். இந்த முறையைப் பார்த்து கேரளமும் ராஜஸ்தானும் தங்களுக்கென்று கழகங்கள் அமைத்தன.

காசு இருப்பவர் ஒரு பிராண்ட் பிடிக்கவில்லை என்றால் வேறொன்றுக்கு மாறிக்கொள்வார். அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவருக்குக் கையில் கொடுத்ததுதான் மருந்து. அதனால் அந்த மாத்திரையைத்தான் ரொம்பக் கண்டிப்பாகச் சோதிக்க வேண்டும் என்று நான் வேலை பார்த்த நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இவ்வளவு சோதனை இருந்தும் இருமல் மருந்தில் குழந்தைகள் எப்படி இறந்தார்கள்? (காஞ்சிபுரம்)

நியாயமான கோபம். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகளின் சிறுநீரகம் செயலிழந்தது. அவர்கள் குடித்த மருந்து உங்கள் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாட்டு ஆய்வகம் சோதித்தபோது அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷப்பொருள் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். சிரப்பில் சேர்க்கும் புரோப்பிலீன் கிளைக்காலைச் சோதிக்காமல் வாங்கினால் இந்த விஷம் உள்ளே வந்துவிடும். 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 14 பேர் இறந்ததும் இதே விஷத்தால்தான். ஆய்வகம் சீக்கிரமே கண்டுபிடித்தது உண்மை. ஆனால் ஆலைக்குள் முன்பே போய்ப் பார்த்திருக்க வேண்டும். ஆய்வு நடத்தவில்லை என்று இரண்டு முதுநிலை ஆய்வாளர்கள் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள். என் துறையைச் சேர்ந்தவர்கள் என்பதற்காக அதை நான் பூசி மெழுக மாட்டேன்.

சட்டம் படிக்கிறேன். இந்தத் துறையில் எனக்கு இடம் உண்டா? (சென்னை)

நிறைய உண்டு. உங்கள் ஊரிலேயே நடந்ததைப் படியுங்கள். ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவுதான் அடிப்படை: பழைய பொருளின் புது வடிவம் என்றால் பலனும் கூடியிருக்க வேண்டும். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஏப்ரல் 1இல் அந்த மறுப்பே உறுதியானது. மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் மருந்தின் ஜெனரிக், அதாவது வேறு நிறுவனங்கள் தயாரிக்கும் அதே மருந்து, பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது. வேதியியலும் சட்டமும் சேர்ந்து தெரிந்தவர்கள் நமக்கு இன்னும் வேண்டும்.

மருந்தால் பக்கவிளைவு வந்தால் நாங்கள் யாரிடம் சொல்வது? (செவிலியர், ஓசூர்)

1800-180-3024 என்ற இலவச எண்ணில் நோயாளியே கூடச் சொல்லலாம் மா. பெரும்பாலோர் மருந்தின் பெயரை மட்டும் சொல்வார்கள். அட்டையின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பேட்ச் எண்ணையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாத்திரையைப் பிய்க்கும்போது அந்த ஓரம்தான் முதலில் கிழியும். எதிர்ப் பக்கத்திலிருந்து பிய்க்கச் சொல்லிக் கொடுங்கள்.