கூட்டாளி பணத்துக்குப் பதில் மெஷின் போட்டால் கணக்கில் எந்தத் தொகையை எழுதுவது?

நீங்கள் கேட்டது இதுதான்: திருப்பூரில் இரண்டு பேர் சேர்ந்து தையல் யூனிட், லாபம் ஆளுக்குப் பாதி. நண்பர் 5 லட்சம் பேங்கில் போடுகிறார். நீங்கள் மூன்று வருடத்துக்கு முன் 5 லட்சத்துக்கு வாங்கின ஓவர்லாக், ஃபிளாட்லாக் மெஷின்களைக் கொடுக்கிறீர்கள், அதையும் 5 லட்சம் என்றே எழுதலாமா?

வேண்டாம். பில் விலையும் இல்லை, தேய்மானம் போக உங்கள் பழைய கணக்கில் நிற்கிற மதிப்பும் இல்லை; இன்றைக்கு விற்கப் போனால் என்ன விலை போகுமோ அதை இரண்டு பேரும் பேசி முடித்து டீடில் (கூட்டு ஒப்பந்தப் பத்திரத்தில்) எழுதுங்கள். பழைய மெஷின் வாங்கி விற்கிறவர்கள் இரண்டு மூன்று பேரிடம் கேட்டாலே தெரிந்துவிடும். மூன்றரை லட்சம் என்று வைத்துக்கொண்டால், நிறுவனத்தின் புத்தகத்தில் மெஷினரி கணக்கு டெபிட் 3,50,000, உங்கள் மூலதனக் கணக்கு கிரெடிட் 3,50,000, அவ்வளவுதான். ரொக்கம் வந்த மாதிரியும் அதில் மெஷின் வாங்கின மாதிரியும் இரண்டு என்ட்ரி போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள், வராத பணத்துக்கு நாளைக்கு யார் கணக்குச் சொல்வது?

5 லட்சம் என்றே எழுதினால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஆறே மாதத்தில் பிரிகிறீர்கள், மெஷின் 3 லட்சத்துக்குப் போகிறது (தேய்மானத்தை இப்போதைக்கு விடுங்கள்). நட்டம் 2 லட்சம், அதில் பாதி, அதாவது ஒரு லட்சம், நண்பர் தலையில். உங்கள் மெஷின் பழசானதற்கு அவர் ஏன் கட்ட வேண்டும்? மூன்றரை என்று எழுதியிருந்தால் நட்டம் 50,000, ஆளுக்கு 25,000. நிலம் என்றால் இதுவே தலைகீழ்: பழைய விலைக்குப் போட்டுவிட்டால் அதுவரை ஏறின மதிப்பிலும் மற்றவர் பங்கு வாங்கிக்கொண்டு போவார்.

வரியும் உண்டு. வருமான வரிச் சட்டப்படி (2026 மார்ச் வரை 1961ஆம் வருடச் சட்டத்தின் 45(3) பிரிவு), நிறுவனத்தின் புத்தகத்தில் எழுதின தொகைதான் நீங்கள் விற்ற விலை என்று எடுத்துக்கொள்வார்கள். 15 சதவீதத் தேய்மானம் மூன்று வருடம் கழித்திருந்தால் மெஷின் மதிப்பு 3,07,000 சொச்சம் நிற்கும்; அதே தேய்மான வகையில் உங்களுக்கு வேறு சொத்து இல்லையென்றால், மூன்றரை லட்சத்தில் அது போக மிச்சம் கிட்டத்தட்ட 43,000 உங்கள் கையில் மூலதன ஆதாயம் (சொத்து விற்ற லாபம்).

மெஷின் மேல் கடன் பாக்கி இருந்து அதை நிறுவனம் கட்டப்போகிறது என்றால், அந்தப் பாக்கியைக் கழித்துத்தான் மூலதனத்தில் ஏற்ற வேண்டும். அப்புறம், மெஷினை மூலதனமாகவே கொடுத்தீர்களா, சும்மா ஓட்டிக்கொள்ளக் கொடுத்தீர்களா என்பதை மாடல், சீரியல் நம்பரோடு டீடில் தெளிவாக எழுதுங்கள். 1932 கூட்டாண்மைச் சட்டம் 14ஆம் பிரிவில் மூலதனமாகக் கொண்டுவந்தது நிறுவனத்தின் சொத்து; எழுதாமல் விட்டால் பிரியும்போது சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும்.

‘என் தொழில் அனுபவத்தையும் மூலதனமாகக் காட்டலாமா’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். காட்ட வேண்டாம். அதற்கு மாதச் சம்பளமோ லாபத்தில் கூடுதல் பங்கோ பேசி வாங்கிக்கொள்ளுங்கள், அதையும் டீடில் எழுதிவிடுங்கள்.