டீபகர் ஆர்கியூமெண்டை எங்கிருந்து எடுக்கிறது? கேள்வி பதில்

ஜிடிபி என்ற டீபகரில் (ஓடும் புரோகிராமை நிறுத்தி உள்ளே பார்க்கும் கருவி) 'பிடி' (பேக்ட்ரேஸ், அதாவது எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்) என்று அடித்ததும் ஒவ்வொரு ஃபங்ஷன் பெயருக்குப் பக்கத்திலும் ஆர்கியூமெண்ட் மதிப்புகள் வந்து நிற்கின்றன. அவற்றைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன். வேறு எதுவும் சொல்லாத இடத்தில் 64 பிட் இன்டெல் வகை சிப், லினக்ஸ், ஜிசிசி கம்பைலர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சார், ஆர்கியூமெண்ட் எல்லாம் ஸ்டாக்கில்தான் போகும் என்று கல்லூரியில் படித்தேன். சரிதானே?

32 பிட்டுக்குச் சரி. அழைக்கும் ஃபங்ஷன் கடைசி ஆர்கியூமெண்டில் தொடங்கி ஒவ்வொன்றாக ஸ்டாக்கில் தள்ளும். 'கால்' கட்டளை திரும்பும் முகவரியைத் தள்ளும். உள்ளே போன ஃபங்ஷன் பழைய ஈபிபியை (ஸ்டாக்கில் தன் இடத்தைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்டர்; 64 பிட்டில் இதன் பெயர் ஆர்பிபி) தள்ளிவிட்டு, புது ஈபிபியை அங்கேயே நிறுத்தும். அதனால் ஈபிபியிலிருந்து 8 பைட் மேலே முதல் ஆர்கியூமெண்ட், 12 பைட் மேலே இரண்டாவது.

64 பிட்டில் முதல் ஆறு முழு எண்களும் பாயிண்டர்களும் ரெஜிஸ்டரில், அதாவது சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்னச் சேமிப்பிடங்களில், போகின்றன: ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்சிஎக்ஸ், ஆர்8, ஆர்9. ஏழாவதிலிருந்துதான் ஸ்டாக். விண்டோஸில் நான்கே ரெஜிஸ்டர்கள்.

ரெஜிஸ்டரில் வந்தது என்றால், ஐந்து ஃபிரேம் (ஒவ்வொரு அழைப்புக்கும் ஸ்டாக்கில் ஒதுங்கும் பகுதி) மேலே இருக்கும் ஃபங்ஷனின் ஆர்கியூமெண்ட் எப்படித் தெரிகிறது? நடுவில் எத்தனை ஃபங்ஷன்கள் அந்த ரெஜிஸ்டரை அழித்திருக்கும்!

நல்ல கேள்வி, எல்லாமே இதில்தான் அடங்கியிருக்கிறது. ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதிப் பாருங்கள். ஏ, பி என்று இரண்டு இன்ட் வாங்கி, கூட்டி, விடையை சி என்ற உள்மாறியில் வைத்துத் திருப்பித் தரட்டும். ஆப்டிமைசேஷன் இல்லாமல், டீபக் தகவலோடு கம்பைல் செய்து அப்ஜ்டம்ப்பில் (பைனரியிலுள்ள கட்டளைகளைக் காட்டும் கருவி) பாருங்கள். ஈடிஐயில் (ஆர்டிஐயின் கீழ் 32 பிட்; ஈஎஸ்ஐயும் அப்படியே) வந்ததை ஆர்பிபிக்கு 20 பைட் கீழேயும், ஈஎஸ்ஐயில் வந்ததை 24 பைட் கீழேயும் எழுதிவைப்பது தொடக்கத்திலேயே தெரியும். அந்த ஃபங்ஷன் முடியும்வரை அந்த இடத்தை வேறு யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இப்போது ரீட்எல்ஃப் என்ற கருவி கொண்டு ட்வார்ஃப் தகவலை (கம்பைலர் டீபகருக்காக எழுதிவைக்கும் குறிப்புகளின் வடிவம்) திறந்தால், ஏ-வுக்கு நேரே 'எஃப்பிரெக் -36' என்றிருக்கும். 20 எப்படி 36 ஆனது? ட்வார்ஃப் இங்கே எண்ணத் தொடங்கும் இடம் சிஎஃப்ஏ. அதாவது 'கால்' நடப்பதற்குச் சற்று முன் ஸ்டாக்கின் முனை இருந்த முகவரி. அங்கிருந்து இறங்கினால் திரும்பும் முகவரிக்கு 8 பைட், பழைய ஆர்பிபிக்கு 8 பைட், அப்புறம் இந்த 20. கூட்டினால் 36. டீபகர் ஊகிக்கவே இல்லை. கம்பைலர் எழுதிவைத்த குறிப்பைப் படித்து, அந்த முகவரியில் இருப்பதை எடுத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சிஎஃப்ஏவைக் கணக்கிடும் விதி ஈஎச்-ஃபிரேம் பகுதியில் இருக்கிறது.

பிரேக்பாயிண்டில் ஃபங்ஷன் பெயருக்கு முன் நட்சத்திரக் குறி போட்டு முதல் கட்டளையிலேயே நிறுத்தினால் குப்பை எண்கள் வருகின்றனவே?

ரெஜிஸ்டரிலிருந்து ஸ்டாக்குக்கு இன்னும் எழுதவில்லை, குறிப்போ ஸ்டாக்கைக் கைகாட்டுகிறது. சாதாரண பிரேக்பாயிண்ட் இந்தத் தொடக்கக் கட்டளைகளைத் தாண்டி நிற்பதற்குக் காரணமே இதுதான்.

நான் 50 அனுப்பினேன், பேக்ட்ரேஸ் 0 என்கிறது. மெமரி கெட்டுவிட்டதா?

இதே இடத்தில் நான் ஒரு முழு நாளை இழந்திருக்கிறேன். வேலை செய்த ஓர் இடத்தில் ஒரு கிராஷ். ஆர்கியூமெண்ட் 0 என்று காட்டியது. யார் 0 அனுப்பினார்கள் என்று தேடித் தேடி இரவாகிவிட்டது. கடைசியில் பார்த்தால் அந்த ஃபங்ஷனே லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஆர்கியூமெண்டை ஒன்று ஒன்றாகக் குறைத்துக்கொண்டிருந்தது. விழுந்தது கடைசிச் சுற்றில். பேக்ட்ரேஸ் காட்டுவது இப்போதைய மதிப்பை. அனுப்பியது வேண்டுமென்றால் 'அப்' அடித்து, அழைத்த ஃபங்ஷனில் என்ன இருந்தது என்று பாருங்கள். மெமரியைச் சந்தேகிப்பது அதற்கு அப்புறம்.

ஓ2 என்ற ஆப்டிமைசேஷன் போட்டால் பாதி இடத்தில் 'ஆப்டிமைஸ்ட் அவுட்' என்று வருகிறது. உண்மையிலேயே போய்விட்டதா?

பல நேரம் ஆமாம். ஓ2-வில் பெரும்பாலும் ஸ்டாக்கில் எழுதிவைப்பதே இல்லை. இந்த முகவரிவரை ஆர்டிஐயில், அதற்கப்புறம் ஆர்பிஎக்ஸில், அதற்கப்புறம் எங்குமில்லை என்று குறிப்பே பட்டியலாக மாறிவிடும். அந்த 'எங்குமில்லை'யைத்தான் டீபகர் மறைக்காமல் சொல்கிறது. தவறான எண்ணைக் காட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் ஒரு வழி மிச்சமிருக்கிறது. அழைத்த ஃபங்ஷன் ஈடிஐயில் 5 என்ற மாறிலியைப் போட்டிருந்தால், அந்த 5 அழியாது. ஆர்பிஎக்ஸிலிருந்து எடுத்துப் போட்டிருந்தாலும் மீட்கலாம். ஆர்பிஎக்ஸைப் பயன்படுத்துகிற ஃபங்ஷன் அதைப் பத்திரமாகத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. அழைக்கும் இடத்தில் கம்பைலர் இதையும் குறித்துவைக்கும். ஜிடிபியில் 'ஏ@என்ட்ரி=5' என்று பார்த்திருப்பீர்களே, அது இப்படி வந்ததுதான். முதலில் ஜிசிசியின் சொந்த நீட்டிப்பாக இருந்தது, 2017-இல் ட்வார்ஃப் 5-இல் முறையாகச் சேர்ந்தது.

ஃபிரேம் பாயிண்டரே (ஆர்பிபியை அப்படிப் பயன்படுத்துவது) இல்லாமல் கம்பைல் செய்தால் ஆர்கியூமெண்ட் தொலைந்துவிடுமா?

இல்லை. சிஎஃப்ஏவை ஆர்எஸ்பியிலிருந்து (ஸ்டாக்கின் முனையைக் காட்டும் ரெஜிஸ்டர்) கணக்கிடும் விதியும் இருக்கிறது. ஃபெடோரா 38-உம் உபுண்டு 24.04-உம் ஃபிரேம் பாயிண்டரைத் திரும்பக் கொண்டுவந்தது முக்கியமாக ப்ரொஃபைலர்களுக்காக (நேரம் எங்கே செலவாகிறது என்று அளக்கும் கருவிகள்).

டீபக் தகவலே இல்லாத பைனரி. என்ன செய்வது?

ஃபங்ஷன் வாசலில் நிற்க முடிந்தால் ஆர்டிஐ, ஆர்எஸ்ஐயை நேராகப் படியுங்கள். கோர் டம்ப் (கிராஷ் ஆன கணத்தின் மெமரி நகல்) மட்டும் இருந்தால், திரும்பும் முகவரியை எடுத்து, அதற்கு முன்னால் உள்ள பத்துப் பதினைந்து கட்டளைகளை டிஸ்அசெம்பிள் செய்யுங்கள். 'கால்' கட்டளைக்கு மேலே ஈடிஐயில் எதைப் போட்டார்கள் என்று பாருங்கள். ஸ்டாக்கிலிருந்து எடுத்திருந்தால் அந்த இடத்தில் மதிப்பு பெரும்பாலும் இன்னும் இருக்கும்.