வீட்டுத் தோட்டத்தில் கோரையை ஒழிக்க உப்புக் கரைசல் ஊற்றலாமா?

தயவுசெய்து ஊற்றாதீர்கள். உப்பும் வினிகரும் கலந்து தெளித்தால் கோரை செத்துவிடும் என்று கேள்விப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தழை மட்டும்தான் கருகும். கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருந்து மறுபடி தளிர்க்கும்.

உங்களைப் போலவே எனக்கும் ராமநாதபுரம் கடற்கரை ஊரான மண்டபம் பக்கம் மணல் தரைதான். இங்கே நல்ல தண்ணீர் என்பது கடல்நீருக்கு மேலே நிற்கும் மெல்லிய அடுக்கு. கிணற்றில் கொஞ்சம் கூடுதலாக இறைத்தாலே உவர்ப்பு ஏறிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழைதான் அந்த உப்பைக் கழுவி இறக்குகிறது. அப்படிப்பட்ட மண்ணில் நாமே உப்பைக் கொட்டினால் முதலில் வாடுவது கத்தரியும் மல்லிகையும்தான்.

கோரையின் உயிர் கிழங்கில் இருக்கிறது. மழை விட்ட மறுநாள் ஈர மணலில் ஒரு செடியைச் சுற்றிக் கடப்பாரையால் நெம்பிவிட்டு, மெதுவாக இழுத்துப் பாருங்கள். கறுத்த நார் மூடிய சின்னக் கிழங்குகள் ஒரே வேரில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வரும். நகத்தால் கிள்ளினால் உள்ளே வெளுப்பு, நல்ல வாசம். மண்வெட்டியால் செதுக்கும்போது இந்தக் கோவைதான் அறுகிறது. அறுந்த கிழங்கு ஒவ்வொன்றும் தனிச் செடியாகக் கிளம்பும். கொத்தக் கொத்தக் கோரை பெருகுவது இதனால்தான். களிமண்காரர்களுக்கு இல்லாத வசதி நமக்கு உண்டு: மணலில் கோவை அறாமல் முழுதாக வரும்.

மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். சித்திரையில் பாத்தி காலியாக இருக்கும்போது ஒரு முழ ஆழம் கிளறி, தண்ணீர் விடாமல் காயப் போடுங்கள். வெளியே கிடக்கும் கிழங்கு சுருங்கிச் செத்துவிடும். நடுவில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாலும் பலன் போய்விடும்.

கோரைக்கு நிழல் ஆகாது. ஆகவே பாத்தியைச் சும்மா விடாமல் சர்க்கரைவள்ளியோ தட்டைப்பயறோ படர விடுங்கள். கறுப்பு பாலித்தீன் விரிப்பில் காசு போட வேண்டாம், கோரையின் கூர்முனை அதைக் குத்திக்கொண்டு மேலே வரும். மற்ற களைகளுக்குத் தென்னை மட்டையும் பனையோலையும் கனமாகப் பரப்பினாலே போதும்.

ஆட்டுப்புழுக்கை போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் பக்கத்து ஆடுகள் சீமைக்கருவேல நெற்றைத் தின்றே வளர்கின்றன. விதை செரிக்காமல் எருவோடு வந்து பாத்தியில் முளைக்கும். இரண்டு இலை விட்டதுமே வேரோடு பிடுங்கிவிடுங்கள். முள் வைத்த பிறகு வெட்டினால் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். நெருஞ்சியை மஞ்சள் பூவிலேயே எடுத்துவிட வேண்டும், காய் முற்றினால் வெறுங்காலோடு திரியும் பிள்ளைகளுக்குத்தான் வேதனை.

மூக்கிரட்டையையும் தரைக்கீரையையும் நான் களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இளசாகக் கிள்ளிப் பாசிப்பருப்போடு கடைந்துவிடுவேன்.