மர்லின் மன்றோ ரகசியமாக அழகு அறுவை சிகிச்சை செய்துகொண்டாரா?

பழைய ஹாலிவுட் நடிகைகளைப் பற்றிய இத்தகைய பேச்சுகளில் பெரும்பாலானவை இரண்டு புகைப்படங்களை அருகருகே வைத்துப் பார்ப்பதோடு நின்றுவிடும். ஆனால் மன்றோ விஷயத்தில் மருத்துவக் கோப்பே இருக்கிறது. பெவர்லி ஹில்ஸில் அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் மைக்கேல் குர்டினின் குறிப்புகளும் சில எக்ஸ்ரே படங்களும் 2013-ல் ஏலத்துக்கு வந்தபோது, 1950-ல் அவருடைய மோவாயில் குருத்தெலும்பு வைக்கப்பட்டதும், 1958-ல் மோவாயின் வடிவம் குறித்து அவர் முறையிட்டதும் வெளியே தெரிந்தன. உள்ளே வைத்த குருத்தெலும்பு நாளடைவில் கரையத் தொடங்கியிருந்தது.

எக்ஸ்ரே படங்களை வைத்து மூக்கு அறுவை சிகிச்சை நடந்ததாகச் சொல்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: அவை 1962 ஜூனில், அவர் கீழே விழுந்தபின், எலும்பு முறிவு உண்டா என்று பார்க்க எடுக்கப்பட்டவை. அப்போதும் 'ஜோன் நியூமன்' என்ற மாற்றுப் பெயரே பயன்பட்டது. ரகசியம் காக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை.

மூக்கைப் பொறுத்தவரை புகைப்பட ஒப்பீட்டை நான் சான்றாக ஏற்கமாட்டேன். ஒளியமைப்பும் முகப்பூச்சின் நிழலுமே மூக்கைக் கூர்மையாகக் காட்டிவிடும், ஸ்டுடியோக்களில் புகைப்படங்களைத் தூரிகையால் திருத்துவதும் அன்றாட வேலையாக இருந்தது.