ஊர் அட்டையும் கலிபோர்னியா கணக்கும்

கலிபோர்னியாவில் பள்ளிச் செவிலியராக இருக்கிறேன். பள்ளியில் சேர்க்கத் தேவையான தடுப்பூசிகளைப் பற்றி, தமிழ்நாட்டிலிருந்து பிள்ளைகளோடும் ஊர்த் தடுப்பூசி அட்டையோடும் வந்திறங்கும் பெற்றோர் கேட்டவற்றில் சிலவும் என் பதில்களும்.

சிஸ்டர், என் மகளுக்கு ஐந்து வயது. ஒரு போலியோ முகாமைக்கூட விட்டதில்லை. ஆனாலும் போலியோ தவணை போதாது என்கிறார்களே?

கோபம் வருவது நியாயம்தான். போலியோ வைரஸில் மூன்று வகை. இரண்டாம் வகை ஒழிந்துவிட்டதால், 2016 ஏப்ரலில் சொட்டு மருந்திலிருந்து அதை நீக்கினார்கள். இங்கே மூன்று வகைக்கும் பாதுகாப்பு கேட்கிறார்கள். ஆகவே 2016 ஏப்ரல் 1 முதல் கொடுத்த இருவகைச் சொட்டு மருந்து கணக்கில் ஏறாது. முழு அளவில் போட்ட ஊசிதான் ஏறும். நான்கு தவணை வேண்டும். நான்கு வயது நிறைந்தபின் ஒன்று போட்டிருந்தால் மூன்றே போதும். நீங்கள் முகாம் முகாமாக அலைந்தது வீணல்ல சகோதரி; 2014இல் இந்தியாவுக்குப் போலியோ ஒழிப்புச் சான்று கிடைத்ததே அப்படித்தான்.

அட்டையில் தட்டம்மை ஊசி இரண்டு இருக்கிறது. பிறகென்ன?

நம் ஊர் அரசுத் திட்டத்தில் முதல் எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா) ஊசி ஒன்பது மாதம் முடிந்ததும் போடுவார்கள். முதல் பிறந்தநாளுக்கு முன் போட்டதை இங்கே ஏற்பதில்லை. எம்ஆரில் பொன்னுக்குவீங்கிக்கான மருந்தும் இல்லை. மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் தேவைப்படும். சின்னம்மை ஊசி அரசு அட்டவணையிலேயே கிடையாது. இங்கே அதுவும் இரண்டு தவணை. "அம்மை வந்தால் வேப்பிலை இருக்கிறது" என்றார் ஒரு பாட்டி. வேப்பிலை மேல் எனக்கும் மரியாதை உண்டு. படிவத்தில்தான் அதற்குக் கட்டம் இல்லை.

மத நம்பிக்கையைச் சொல்லி விலக்கு வாங்கலாமா? டெக்சாஸில் என் தங்கைக்குக் கிடைத்ததே?

டெக்சாஸில் மனச்சாட்சியைக் காரணம் காட்டி உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கலாம். இங்கே முடியாது. 2014 டிசம்பரில் டிஸ்னிலேண்டில் தொடங்கிய தட்டம்மைப் பரவலுக்குப் பிறகு எஸ்பி 277 சட்டம் வந்தது; ஆளுநர் ஜெர்ரி பிரவுன் 2015இல் கையெழுத்திட்டார். மறு ஆண்டு முதல் மதம், தனிப்பட்ட நம்பிக்கை எதற்கும் விலக்கில்லை. மருத்துவ விலக்கு உண்டு, 2021 முதல் மாநிலத்தின் இணையப் பதிவேட்டின் வழியாக மருத்துவர் வழங்கினால் மட்டும். தங்கையைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டாம்: 2025இல் டெக்சாஸின் மேற்குப் பகுதியில் தட்டம்மை பரவியபோது, ஊசி போடாத இரண்டு குழந்தைகள் இறந்தார்கள்.

மகன் ஏழாம் வகுப்பு. பத்து வயதில் டிடி (ரணஜன்னி, தொண்டை அடைப்பான் ஊசி) போட்டாயிற்று. போதுமா?

போதாது. அதில் கக்குவான் இருமலுக்கான மருந்து இல்லை. அதையும் சேர்த்த டிடாப் ஊசி ஒரு தவணை போடுங்கள்.

பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) போட்ட பிள்ளைக்குக் காசநோய்த் தோல் பரிசோதனை செய்யலாமா?

நோய் இல்லாமலே தடித்துக் காட்டக்கூடும். இரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

அட்டையை அப்படியே கொடுத்தால் போதுமா?

மாதத்தை எழுத்தில் எழுதிய தட்டச்சு நகல் ஒன்றை மருத்துவரிடம் கையெழுத்து வாங்கி இணைத்துவிடுங்கள். 2018 ஜூன் 20இல் பிறந்த பையன். அட்டையில் எம்எம்ஆர் 05/07/2019. ஜூலை 5 என்பதை, மாதத்தை முதலில் எழுதும் இந்த ஊர் வழக்கப்படி எழுத்தர் மே 7 என்று படித்து, ஒரு வயது நிறையவில்லை, திரும்பப் போடுங்கள் என்றுவிட்டார். அம்மா சளைக்கவில்லை. அதே அட்டையில் 23/10 என்றிருந்த இன்னொரு வரியில் விரலை வைத்து, "இருபத்து மூன்றாவது மாதம் எது?" என்று கேட்டார். எழுத்தர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.