பாஸ்போர்ட் இருந்தும் ஏன் பயம்?

ஐயா,

2024 ஆகஸ்டில் இங்கிலாந்தில் குடியேறிகளுக்கு எதிராக நடந்த கலவரத்தின்போது அங்கே சண்டர்லாந்து நகரில் இருந்தோம். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும் இருக்கிறது. ஆனாலும் அம்மா இன்றும் நடு இரவில் எழுந்து வாசல் பூட்டை இழுத்துப் பார்க்கிறார். டாக்டரிடம் அவருக்காகப் பேசியது என் பத்து வயது மகள். தூக்க மாத்திரை தந்தார்கள். கடல் தாண்டிப் படகில் வருகிற அகதிகளால் எங்களுக்கும் கெட்ட பெயர். அம்மாவுக்குத் தியானம் உதவுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தியானம் செய்யட்டும், கெடுதல் இல்லை. என்னை உறுத்தியது அந்த பாஸ்போர்ட் வரி.

2008 மே 12 அன்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் போஸ்ட்வில் என்ற சிற்றூரின் இறைச்சி ஆலைக்குள் ஏறத்தாழ 900 அதிகாரிகள் புகுந்து, உரிய குடியேற்ற ஆவணம் இல்லாதவர்கள் என்று 389 பேரைப் பிடித்தார்கள். பெரும்பாலோர் குவாத்தமாலாக்காரர்கள். கொண்டுபோய் அடைத்த இடம் கால்நடைக் கண்காட்சி மைதானம். பின்னாளில் ஆய்வாளர்கள் மாநிலம் முழுவதன் பிறப்புப் பதிவுகளையும் எடுத்து, அடுத்த 37 வாரங்களை முந்தைய ஆண்டின் அதே வாரங்களோடு ஒப்பிட்டார்கள். லத்தீன் அமெரிக்க வம்சாவளித் தாய்மாருக்கு இரண்டரைக் கிலோவுக்குக் குறைவான குழந்தை பிறக்கும் அபாயம் 24 சதவீதம் கூடியிருந்தது. வெள்ளைத் தாய்மாரிடம் அந்த ஏற்றம் இல்லை. அமெரிக்காவிலேயே பிறந்த, யாரும் நாடு கடத்த முடியாத லத்தீன் பெண்களுக்கும் கூடியிருந்தது. கர்ப்பப்பைக்கு பாஸ்போர்ட் தெரியாது ஐயா.

2001 செப்டம்பர் 11 இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகான ஆறு மாதங்களில், கலிபோர்னியாவில் அரபுப் பெயர் கொண்ட தாய்மாரிடம் இதே அபாயம் 34 சதவீதம் ஏறியது. அங்கே பெயரை வைத்துத்தான் கணக்கெடுத்தார்கள். வெறுப்பவனும் அதைத்தானே பார்க்கிறான்?

படகுக்காரர்கள் மேல் பழி போடுகிறீர்களே, வெட்கமாக இல்லையா? கலவரத்துக்குச் சில நாள் முன்பு இங்கிலாந்தின் சவுத்போர்ட் ஊரில் பிள்ளைகளைக் கத்தியால் குத்தியவன் படகில் வந்த அகதி என்ற வதந்திதான் உங்கள் ஊரைக் கொளுத்தியது. அவன் பிரிட்டனிலேயே, கார்டிஃப் நகரில் பிறந்தவன். கல்லெறிகிறவன் விசாவைச் சரிபார்த்துவிட்டா எறிகிறான்?

அம்மாவிடம் 'ஒன்றும் ஆகாது, வீண் பயம்' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஆலோசகர்கள் பலரும் செய்யும் தவறு அது. தெருவில் நிஜமாகவே நடந்த ஒன்றைக் கற்பனை என்றால், அவர் பயத்தை விடமாட்டார், சொல்வதைத்தான் விடுவார். கண்ணால் கண்டது எது, போனில் பார்த்தது எது என்று அவரையே பிரித்துச் சொல்லவிடுங்கள். பூட்டை எத்தனை முறை பார்க்கிறார், எங்கெல்லாம் போவதை நிறுத்திவிட்டார் என்று இரண்டு வாரம் குறித்துவையுங்கள். மாத்திரை எழுதுகிறவருக்கு அந்தத் தாள் வேண்டும்.

பேத்தியை மொழிபெயர்க்க அனுப்பியதற்கு உங்களைத் திட்டத்தான் வேண்டும். பேத்தி முன்னால் எந்தப் பாட்டி 'சாகப் பயமாயிருக்கிறது' என்பாள்? அப்படியே சொன்னாலும், அதை ஆங்கிலத்தில் சொல்லவேண்டிய குழந்தை அன்றிரவு தூங்குமா? பிரிட்டன் அரசின் மருத்துவ சேவையான என்ஹெச்எஸ்ஸில் மொழிபெயர்ப்பாளருக்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை. அப்பாயின்ட்மென்ட் போடும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ரிசப்ஷனில் சொல்லுங்கள். இரட்டை நேரமும் கேளுங்கள், பாதி நேரம் மொழிபெயர்ப்பிலேயே போய்விடும். மகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள்.