கேம் செயின் தொளதொளக்கிறது: புதுசு வாங்குவதற்கு முன்

கேள்வி: என்னுடையது பழைய நான்கு சிலிண்டர் பைக், இரட்டை கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு, சுருக்கமாகக் கேம்). வால்வு இடைவெளி சரிசெய்யக் கேம்களைக் கழற்றினேன். திரும்ப மாட்டும்போது டைமிங் குறிகள் பொருந்துகின்றன. ஆனால் இரண்டு கேம்களுக்கும் நடுவே செயின் தளர்ந்து கிடக்கிறது. இன்ஜினைக் கையால் சுற்றிவிட்டுப் பார்த்தால் இன்டேக் கேமின் (காற்று உள்ளே வரும் பக்கம்) குறி ஒரு பல் தள்ளி நிற்கிறது. செயின் நீண்டுவிட்டது, டென்ஷனரோடு (செயினை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) சேர்த்து மாற்றுங்கள் என்கிறார் மெக்கானிக். வாங்கிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் கோளாறு செயினில் இல்லை, தளர்ச்சி நிற்கும் இடத்தில்தான்.

டென்ஷனர் பின்பக்கம் இருக்கும் வழக்கமான அமைப்பில், கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) செயினை முன்பக்கமாகக் கீழே இழுக்கிறது. அதனால் கிராங்கிலிருந்து எக்ஸாஸ்ட் கேம் (புகை வெளியேறும் பக்கம்) வரை இறுக்கமாக இருக்க வேண்டும், அங்கிருந்து இன்டேக் கேம் வரையும் அப்படியே. மிஞ்சும் தளர்ச்சி முழுவதும் பின்பக்கம் போய்ச் சேர வேண்டும். டென்ஷனரால் அந்தப் பக்கத்துத் தளர்ச்சியைத்தான் நேரடியாக வாங்க முடியும். நடுவில் தொங்கவிட்டு மாட்டினால், டென்ஷனர் பின்பக்கத்தை அழுத்தும்போது இன்டேக் கேமைப் பின்னோக்கி இழுத்துவிடும். குறி நகர்வது அதனால்தான்.

எந்தக் குறி நகர்ந்தது என்பதைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்தது. இன்டேக் மட்டும் என்றால், தளர்ச்சி இரண்டு கேம்களுக்கும் நடுவே. இரண்டும் சேர்ந்து பின்தங்கினால், முன்பக்கத்தில். உங்களுடையது முதல் வகை.

கிராங்கை T குறியில் (பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் குறி) நிறுத்துங்கள். முதலில் எக்ஸாஸ்ட் கேமை, முன்பக்கச் செயினை மேலே இழுத்துப் பிடித்தபடி மாட்டுங்கள். அப்புறம் எக்ஸாஸ்ட் குறியிலிருந்து இன்டேக் குறி வரை செயின் பின்களை (கண்ணிகளைக் கோக்கும் சிறு ஆணிகள்) எண்ணுங்கள். எத்தனை என்பது உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும், வேறு மாடலின் கணக்கு உதவாது. முதல் பின் எது என்பதில்தான் பலரும் தடுமாறுவார்கள், படத்தைப் பார்த்தே எண்ணுங்கள். கேம் மூடிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, மேனுவல் சொல்லும் வரிசையில் இறுக்குங்கள். ஒரே மூச்சில் இறுக்கினால் ஹெட்டிலுள்ள மரை போய்விடும், அதைச் சரிசெய்யும் செலவுக்குப் பக்கத்தில் செயின் விலை ஒன்றுமே இல்லை.

டென்ஷனர் மாட்டும் முன் அதன் துவாரம் வழியாக ஒரு மரக்குச்சியால் பின்பக்கக் கைடை (செயின் உரசி ஓடும் பட்டை) மெதுவாக அழுத்துங்கள். குறிகள் அசையாமல் நின்றால் சரி. பிறகு, டென்ஷனரின் தண்டை முழுக்க உள்ளே தள்ளிய நிலையில் மாட்டி, அப்புறம் ஸ்பிரிங்கை விடுங்கள். நீட்டிய தண்டோடு போல்டை முறுக்கினால் ஏதாவது ஒன்று உடையும். கடைசியாக ஸ்பேனர் போட்டு, இன்ஜின் ஓடும் திசையிலேயே கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள், அப்போதுதான் கேம் ஒரு சுற்று முடிக்கும். வழியில் கெட்டியாக முட்டினால் வால்வு எதிலோ இடிக்கிறது என்று அர்த்தம், பலம் காட்டாமல் நிறுத்துங்கள். செல்ஃப் பட்டனைத் தொடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இவ்வளவு செய்தும் குறி நிற்கவில்லை, அல்லது டென்ஷனர் தண்டு கடைசிப் பல் வரை நீண்டுவிட்டது என்றால் மெக்கானிக் சொன்னது சரியாக இருக்கலாம். மேனுவலில் செயின் நீளத்துக்கு வரம்பு தந்திருந்தால் அளந்து பாருங்கள். டென்ஷனரைக் கையில் வைத்து, ராட்செட்டை (தண்டு திரும்பி உள்ளே போகாமல் தடுக்கும் அமைப்பு) விடுவிக்காமல் தண்டை அழுத்துங்கள். உள்ளே போனால் அது குப்பைக்கு. பழைய டென்ஷனரை விலை குறைவு என்று இன்னொரு கழற்றிய வண்டியிலிருந்து வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை, அதன் பல்லும் அதே வயசுதானே. டென்ஷனர் கேஸ்கெட்டை மட்டும் எப்படியும் புதிதாகப் போடுங்கள்.

செயின் வாங்குவதாக இருந்தால் வகை பொருந்த வேண்டும். பல் வடிவத் தகடுகள் கொண்ட சைலன்ட் செயினுக்கான ஸ்ப்ராக்கெட்டில் (பல்சக்கரம்) சாதாரண புஷ் (bush) செயின் உட்காராது. மூட்டில்லாத செயினாக இருந்தால் பல இன்ஜின்களில் கிராங்க்கேஸையே பிரிக்க வேண்டிவரும். ரிவெட் மூட்டு போடலாம், ஆனால் அதற்கான கருவியும் கைப்பழக்கமும் வேண்டும். கிளிப் மூட்டு கேம் செயினுக்கு வேண்டவே வேண்டாம்.

கேள்வி: தானியங்கி டென்ஷனருக்குப் பதில், கையால் திருகும் வகை நல்லது என்கிறார்களே?

பதில்: அதில் பழுதாக ராட்செட் இல்லை, அது உண்மை. ஆனால் இறுக்கத்தை முடிவுசெய்வது உங்கள் கை. அதிகமாகத் திருகினால் கைடும் செயினும் சீக்கிரம் தேயும், குறைவாக விட்டால் செயின் பல் தாவலாம். அவ்வப்போது திறந்து சரிபார்க்கப் பொறுமை இருப்பவர் வாங்கலாம். மற்றவர்களுக்கு நிறுவனமே கொடுக்கும் வகையின் புதுசு போதும்.